பனிக்கடலுக்குப் பட்டா உண்டா? கனடாவின் ஆர்க்டிக் இறையாண்மை: ஓர் எளிய விளக்கம்

உலக வரைபடத்தை எடுத்துக் கனடாவின் மேல் ஓரத்தைப் பாருங்கள். பாஃபின், விக்டோரியா, டெவன், எல்ஸ்மியர் என்று பெரியதும் சின்னதுமாக ஆயிரக்கணக்கான தீவுகள் வட துருவத்தை நோக்கி ஏறிக்கொண்டே போகும். இவற்றில் பெரும்பாலானவை நுனாவுட் என்ற ஆட்சிப்பகுதிக்குள் வருகின்றன. அதன் பரப்பு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 37,000க்கும் சற்றுக் குறைவு. மொத்தம் 25 ஊர்கள்தான். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாலை கிடையாது. விமானத்தில் போக வேண்டும், அல்லது கோடையில் படகிலும் குளிர்காலத்தில் உறைந்த கடல்மேல் ஸ்னோமொபைலிலும் போக வேண்டும். டெவன் தீவில் ஒரு குடும்பம்கூட நிரந்தரமாகக் குடியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட இடத்தை ஒரு நாடு எப்படித் தன்னுடையது என்று சொல்கிறது? சொன்னால் மட்டும் போதுமா? கொடி நட்டால் போதுமா? அதை மறுப்பவர்கள் யார்? கிரீன்லாந்தை வாங்கப்போவதாக அமெரிக்க அதிபர் பேச ஆரம்பித்ததிலிருந்து 'ஆர்க்டிக் இறையாண்மை' என்ற சொற்றொடர் நம் செய்திகளிலும் அடிக்கடி வருகிறது. அதைப் புரிந்துகொள்ளக் கனடாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காகிதம், காவல் நிலையம், கப்பல், நீதிமன்றத் தீர்ப்பு, மனிதர்களுக்கு இழைத்த அநீதி எல்லாமே இந்த ஒரு கதைக்குள் இருக்கின்றன.

காகிதமும் அனுபவமும்

ஒரு நிலப்பரப்பில் சட்டம் இயற்றவும், அதை நடைமுறைப்படுத்தவும், அங்கே வேறு நாடு அதிகாரம் செலுத்தாமல் தடுக்கவும் ஓர் அரசுக்கு இருக்கும் உரிமைதான் இறையாண்மை. சென்னையிலோ டொரண்டோவிலோ இதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு அரசு இருக்கிறது. ஆள் நடமாட்டமே இல்லாத பனித்தீவில்தான் கேள்வி எழும்.

கிராமத்து நிலத் தகராறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும். உழுவதும் அறுப்பதும் பல வருடமாக வேறொருவராக இருப்பார். விவகாரம் முற்றும்போது காகிதத்தை மட்டும் பார்ப்பதில்லை. அனுபவத்தில் யார் இருக்கிறார், தீர்வை யார் கட்டுகிறார் என்றும் விசாரிப்பார்கள். நாடுகளுக்கிடையிலான சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் யோசிக்கிறது.

இரண்டு தீர்ப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது 1928இல் வந்தது. பிலிப்பைன்ஸுக்கும் இந்தோனேசியாவுக்கும் நடுவே பால்மாஸ் என்று ஒரு சின்னத் தீவு. முதலில் கண்டுபிடித்தது ஸ்பெயின், அதன் உரிமை எங்களுக்கு வந்துவிட்டது என்றது அமெரிக்கா. நீண்டகாலமாக நிர்வாகம் செய்வது நாங்கள்தான் என்றது நெதர்லாந்து. நடுவராக இருந்த மாக்ஸ் ஹூபர் நெதர்லாந்துக்கே தீவைக் கொடுத்தார். கண்டுபிடித்தது மட்டும் போதாது, தொடர்ந்து அமைதியாக அதிகாரம் செலுத்தி வந்திருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன அளவுகோல்.

இரண்டாவது 1933இல், கிழக்கு கிரீன்லாந்து வழக்கு. கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு பகுதியை நார்வே 1931இல் தன்னுடையது என்று அறிவிக்க, டென்மார்க் ஹேக்கில் இருந்த சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் இரண்டு விஷயங்களைக் கேட்டது: இறையாண்மையோடு நடந்துகொள்ளும் எண்ணம் இருந்ததா, அதற்கேற்பக் கொஞ்சமாவது அதிகாரம் செலுத்தப்பட்டதா? கூடவே ஒரு முக்கியமான சலுகையும் கொடுத்தது. மக்கள் குறைவான, எட்டாத இடங்களில் மிகக் குறைந்த நிர்வாகமே போதும், போட்டிக்கு வருபவர் அதைவிட மேலான உரிமையைக் காட்டாதவரை. டென்மார்க் வென்றது.

துருவப் பகுதிகளைப் பற்றிய விவாதங்களுக்கு இந்தச் சலுகைதான் அச்சாணி. ஊருக்கு ஊர் தாலுகா ஆபீஸ் தேவையில்லை. ஆனால் எதுவுமே இல்லாமலும் முடியாது.

ஒரு தபால் நிலையம், வருடத்துக்கு ஒரு தபால்

கனடாவுக்குக் காகிதம் வந்தது 1880இல். 1874இல் பாஃபின் தீவுப் பக்கம் நிலம் கேட்டு பிரிட்டனுக்கு விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்று அமெரிக்கர் ஒருவருடையது. அமெரிக்கா உள்ளே வந்துவிடுமோ என்ற கவலையில், வட அமெரிக்காவில் தனக்கு எஞ்சியிருந்த பகுதிகளையும் 'அவற்றை அடுத்த தீவுகளையும்' பிரிட்டன் கனடாவிடம் ஒப்படைத்தது. எந்தெந்தத் தீவு என்று பட்டியல் எதுவும் இல்லை. கொடுத்தவருக்கே எதைக் கொடுக்கிறோம் என்று முழுதாகத் தெரியாத காலம் அது.

கனடாவும் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. இதற்கிடையில் நார்வேயின் ஓட்டோ ஸ்வெர்ட்ரூப் 1898 முதல் 1902 வரை எல்ஸ்மியருக்கு மேற்கே போய், அதுவரை எந்த வரைபடத்திலும் இல்லாத பெரிய தீவுகளைக் கண்டு, நார்வே மன்னரின் பெயரால் உரிமை கோரிவிட்டு வந்தார். அப்புறம்தான் கனடாவின் தலைநகர் ஒட்டாவா விழித்தது. கேப்டன் ஜோசப் பெர்னியே அனுப்பப்பட்டார். 1909 ஜூலை 1 அன்று மெல்வில் தீவின் விண்டர் ஹார்பரில் இருந்த ஒரு பெரிய பாறையில் அவர் உலோகப் பலகை ஒன்றைப் பதித்தார். மேற்கு தீர்க்கரேகை 60 முதல் 141 வரை, வட துருவப் புள்ளி வரை உள்ள தீவுக்கூட்டம் முழுவதும் கனடாவுக்குச் சொந்தம் என்றது அந்தப் பலகை.

பலகை அடித்தால் நிலம் சொந்தமாகிவிடாது என்பது 1920 வாக்கில் புரிந்தது. ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் மக்களில் கிரீன்லாந்து வேட்டைக்காரர்கள் எல்ஸ்மியருக்கு வந்து கஸ்தூரி எருதுகளை வேட்டையாடுவதைத் தடுக்கும்படி கனடா டென்மார்க்கிடம் கேட்டது. அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று ஆய்வாளர் க்னுட் ராஸ்முசென் பதில் எழுதினார். டென்மார்க் அந்தப் பதிலை மறுக்காமல் அப்படியே கனடாவுக்கு அனுப்பி வைத்தது.

அதன்பின் கனடா செய்ததுதான் இந்தப் பாடத்தின் செய்முறை விளக்கம். 1922இல் எல்ஸ்மியரின் தென்கரையில் கிரெய்க் ஹார்பரில் காவல் நிலையம் திறந்தது. 1924இல் டெவன் தீவில் டண்டாஸ் ஹார்பர். 1926இல் கிட்டத்தட்ட 79 டிகிரி வடக்கில் பேச் தீபகற்பம். அங்கே போலீஸ் இருந்தது, போலீஸ்காரர் ஒருவரே தபால் அதிகாரியாகவும் இருந்தார். தபால் வருவது வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் பனி வழிவிட்டால். சில வருடம் கப்பல் அந்த நிலையத்தை எட்டவே முடியாமல், சரக்கைத் தெற்கே இறக்கிவிட்டுப் போய்விடும். நாய் இழுக்கும் வண்டிகளில்தான் அது மேலே போய்ச் சேரும்.

யார் கடிதம் எழுதுவார்கள் அங்கே? சுற்றிலும் கடிதம் எழுத ஆளே இல்லை. ஆனால் கனடாவின் தபால் முத்திரை அங்கே குத்தப்பட்டது என்பது ஓர் ஆதாரம். வேட்டை அனுமதிச் சீட்டு, சுங்கம், ரோந்துக் குறிப்பேடு என்று ஒவ்வொன்றும் அப்படித்தான். நாளைக்கு வழக்கு வந்தால் எடுத்துக் காட்டுவதற்கான காகிதங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்ஸ்மியரின் குளிரில் அந்தப் போலீஸ்காரர்கள் உயிரோடு இருந்ததற்குக் காரணம், அவர்களோடு வேலைக்கு அமர்த்தப்பட்ட கிரீன்லாந்து இனுயிட் குடும்பங்கள். வேட்டையாடியதும், உடை தைத்ததும், நாய்வண்டி ஓட்டியதும் அவர்கள். கனடாவின் உரிமையை நிலைநாட்டிய ரோந்துகளில் பாதை காட்டியவர்கள் கனடியர்களே அல்ல.

1930இல் நார்வே, ஸ்வெர்ட்ரூப் கண்ட தீவுகளைக் கனடாவுக்கு விட்டுக்கொடுத்தது. ஸ்வெர்ட்ரூப்பின் வரைபடங்களுக்கும் நாட்குறிப்புகளுக்கும் ஈடாகக் கனடா அவருக்கு 67,000 டாலர் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் அவர் இறந்துபோனார். நிலத்தைப் பொறுத்தவரை பெரிய தகராறு அத்தோடு முடிந்தது. இந்தத் தீவுகள் கனடாவுடையவை என்பதை இன்று எந்த நாடும் மறுப்பதில்லை.

மனிதர்களைக் கொடிக்கம்பமாக நட்ட கதை

சட்டப்படி தகராறு முடிந்துவிட்டாலும், பயம் முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் வானிலை நிலையம், விமானத் தளம், பின்னர் ரேடார் வரிசை என்று கனடாவின் வடக்கில் நிறைந்தது. சில இடங்களில் கனடியர்களைவிட அமெரிக்கர்கள் அதிகம். அந்தச் சூழலில் 1953இல் நடந்ததை இந்த விளக்கத்தில் நான் அவசரமாகக் கடக்க விரும்பவில்லை.

பாடப்புத்தகத்தில் எஸ்கிமோ என்று நாம் படித்த மக்கள் தங்களை இனுயிட் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பல நூற்றாண்டுகளாக ஆர்க்டிக்கில் வாழ்பவர்கள். 1940களில் கனடா அரசு அவர்களுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்தது. நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத் தகடு. ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் எண், மேலே கயிறு கோக்க ஒரு துளை. கழுத்தில் கட்டிக்கொள்ளவோ உடையில் தைத்துக்கொள்ளவோ சொன்னார்கள். அரசாங்கக் காகிதங்களில் ஒருவரின் அடையாளம் அந்த எண்தான். குடும்பப்பெயர் முறை வந்து இது ஒழிய 1970கள் வரை ஆனது.

அப்படி எண்ணிட்டுப் பதிவு செய்த மக்களில் சிலரை, கியூபெக்கின் வடக்கே ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள இனுக்ஜுவாக்கிலிருந்து சி.டி. ஹௌ என்ற கப்பலில் ஏற்றி, சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோனார்கள். 1953இலும் 1955இலுமாக மொத்தம் 92 பேர். இறக்கிவிட்ட இடங்கள் இரண்டு: எல்ஸ்மியர் தீவில் கிரைஸ் ஃபியோர்ட், கார்ன்வாலிஸ் தீவில் ரெசல்யூட். அந்த வாழ்க்கைக்குப் பழகியவர்கள் என்று பாஃபின் தீவின் பாண்ட் இன்லெட்டிலிருந்தும் சில குடும்பங்களைத் துணைக்குச் சேர்த்தார்கள்; அவர்களும் இந்த 92 பேரில் அடக்கம். அங்கே வேட்டை நன்றாக இருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

எல்லோரும் ஒரே இடத்தில் குடியமர்த்தப்படமாட்டார்கள், இரண்டாகப் பிரிக்கப்படுவார்கள் என்பது கப்பலில்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அவர்களுடைய ஊரில் குளிர்காலத்திலும் தினமும் சூரியன் எழும். கிரைஸ் ஃபியோர்டில் மூன்று மாதத்துக்கும் மேல் சூரியனே கிடையாது. தெற்கே மீனும் வாத்தும் முட்டையும் காட்டுப்பழமும் உண்டு. இங்கே சீலும் வால்ரஸும் துருவக்கரடியும்தான். முதல் குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்தார்கள். கஸ்தூரி எருதைக் கொல்லச் சட்டம் அனுமதிக்கவில்லை, காரிபூ மானுக்கும் கட்டுப்பாடு இருந்தது. பசித்தவர்கள் வேட்டையாட முடியாத நிலத்தில் இறக்கிவிடப்பட்டிருந்தார்கள். ரெசல்யூட்டில் விமானத் தளத்தின் குப்பைமேட்டில் உணவும் மரக்கட்டையும் பொறுக்கிய நினைவுகளைப் பின்னாளில் பலர் விசாரணையில் சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பக் கேட்டவர்களுக்குக் கப்பல் வரவில்லை.

இனுக்ஜுவாக்கில் வறுமையும் நெருக்கடியும் அதிகமாகிவிட்டன, மக்கள் நலனுக்காகத்தான் இடம் மாற்றினோம் என்பது அரசு நெடுங்காலம் சொன்ன காரணம். பழங்குடி மக்களுக்கான அரச ஆணையம் 1994இல் தன் அறிக்கையில், இறையாண்மை பற்றிய கவலையும் இந்த முடிவில் பங்கு வகித்தது என்றது. 1980களின் இறுதியில் ஒரு பகுதியினர் அரசுச் செலவில் சொந்த ஊர் திரும்பினார்கள். 1996இல் ஒரு கோடி டாலர் நிதியம் வந்தது, மன்னிப்பு வரவில்லை. 2010 ஆகஸ்ட் 18 அன்றுதான் அரசு முறையாக மன்னிப்புக் கேட்டது. அதற்குள் 57 வருடம் கடந்து, கப்பலில் வந்த பெரியவர்களில் பலர் இல்லாமல் போயிருந்தார்கள்.

'மக்கள் வசிக்கிறார்கள்' என்பது சட்டப் புத்தகத்தில் ஒரு வரி. அந்த வரியை உண்மையாக்கியவர்கள் இவர்கள். கிரைஸ் ஃபியோர்ட் இன்றும் கனடாவின் வடகோடிக் குடியிருப்பு. சுமார் 150 பேர் வாழ்கிறார்கள். அதற்கும் வடக்கே, 82 டிகிரியில் இருக்கும் அலெர்ட் ராணுவ, வானிலை நிலையம்தான், ஊர் அல்ல.

தீவு சரி, தண்ணீர் யாருடையது?

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் குழம்புகிறார்கள். கனடாவின் ஆர்க்டிக் இறையாண்மைக்கு ஆபத்து என்று செய்தி வந்தால், யாரோ தீவைப் பிடிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையான சண்டை தீவுகளுக்கு இடையிலான கடல் பற்றியது. அட்லாண்டிக்கிலிருந்து லங்காஸ்டர் சவுண்ட் வழியே நுழைந்து, தீவுகளுக்கு நடுவே நெளிந்து, பசிபிக் பக்கம் வெளியேறும் அந்தப் பாதைக்கு வடமேற்குப் பாதை என்று பெயர். லண்டனிலிருந்து டோக்கியோவுக்குப் பனாமா வழியாகப் போனால் சுமார் 23,000 கிலோமீட்டர். இந்த வழியில் சுமார் 16,000. 1845இல் இதைத் தேடிப் போன ஜான் ஃபிராங்க்லினும் அவரோடு போன 128 பேரும் திரும்பவே இல்லை. 1903 முதல் 1906 வரை மூன்று குளிர்காலம் தங்கி முதலில் கடலிலேயே கடந்தவர் நார்வேயின் ரோல்ட் அமுண்ட்சென்.

கனடாவின் வாதம்: இது எங்கள் உள்நாட்டு நீர், ஏரி குளம் போல. உள்ளே வர எங்கள் அனுமதி வேண்டும். அமெரிக்காவின் வாதம்: தீவு உங்களுடையதுதான், மறுக்கவில்லை; ஆனால் இரண்டு பெருங்கடல்களை இணைக்கும் இந்த வழி ஒரு சர்வதேச நீரிணை. எந்த நாட்டுக் கப்பலும் கேட்காமல் கடக்கலாம், விமானம் மேலே பறக்கலாம், நீர்மூழ்கி மூழ்கியபடியே போகலாம்.

ஏன் அமெரிக்கா இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது? கனடா நெருங்கிய நட்பு நாடு. காரணம் கனடா அல்ல. ஹோர்முஸ், மலாக்கா போன்ற நீரிணைகள். ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால் மற்ற இடங்களிலும் கரையோர நாடுகள் அதையே கேட்கும் என்பது அதன் கடற்படையின் கவலை.

1949இல் கோர்ஃபு கால்வாய் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் கொடுத்த அளவுகோல் இங்கே வருகிறது. பொதுக்கடலின் இரு பகுதிகளை இணைக்க வேண்டும், சர்வதேசப் போக்குவரத்துக்குப் பயன்பட வேண்டும். முதல் நிபந்தனை பொருந்துகிறது. இரண்டாவதில்தான் இழுபறி. ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடந்த பாதையில் எத்தனை கப்பல் போயிருக்கும், அவையும் எங்களைக் கேட்டுத்தானே போயின என்கிறது கனடா. அதனால்தான் அனுமதி கேட்காமல் ஒரே ஒரு கப்பல் போனாலும் ஒட்டாவாவில் கொந்தளிப்பு.

1969இல் மன்ஹாட்டன் என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் போனது. 300 மீட்டர் நீளம், பனியை உடைக்க முகப்பு பலப்படுத்தப்பட்டது. அலாஸ்கா எண்ணெயை இந்த வழியே கொண்டுவர முடியுமா என்று பார்ப்பது நோக்கம். கனடாவிடம் முறையாக அனுமதி கேட்கவில்லை. கனடாவோ தானாகவே அனுமதி கொடுத்து, ஜான் ஏ. மெக்டொனால்ட் என்ற தன் பனி உடைக்கும் கப்பலையும் உதவிக்கு அனுப்பியது. மன்ஹாட்டன் பனியில் சிக்கியபோது விடுவித்தது அந்தக் கப்பல்தான். திரும்பி வரும்போது அடையாளத்துக்கு ஒரே ஒரு பீப்பாய் எண்ணெய் கொண்டுவந்தார்கள். பிறகு குழாய்வழியே நல்லது என்று முடிவாகிவிட்டது.

அடுத்த ஆண்டு கனடியப் பிரதமர் பியேர் ட்ரூடோவின் அரசு செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். 'கடல் எங்களுடையது' என்று நேராகச் சண்டைக்குப் போகாமல், ஆர்க்டிக் கடல் மாசுத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்து, கரையிலிருந்து 100 கடல் மைல் வரை கப்பல்களுக்குப் பாதுகாப்பு விதிகளை விதித்தது. எண்ணெய் கொட்டினால் பனிக்கடலில் அள்ள முடியாது என்ற நியாயத்தை யாராலும் எளிதில் தள்ள முடியவில்லை. 1982இல் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை வந்தபோது, பனி மூடிய கடல்களில் கரையோர நாடுகள் கூடுதல் மாசு விதிகள் போடலாம் என்று 234ஆவது பிரிவு சேர்ந்தது. ஓர் உள்நாட்டுச் சட்டம் பன்னிரண்டு ஆண்டில் உலகச் சட்டத்தில் இடம்பிடித்துவிட்டது.

1985இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் போலார் சீ என்ற பனி உடைக்கும் கப்பல் கிரீன்லாந்திலிருந்து அலாஸ்காவுக்கு இந்த வழியே போனது. தகவல் சொன்னார்கள், அனுமதி கேட்கவில்லை. மக்கள் கோபத்தைத் தொடர்ந்து கனடிய வெளியுறவு அமைச்சர் ஜோ கிளார்க் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்: கனடாவின் ஆர்க்டிக் இறையாண்மை பிரிக்க முடியாதது, அது நிலம், கடல், பனி மூன்றையும் தழுவியது. 1986 ஜனவரி 1 முதல் தீவுக்கூட்டத்தின் வெளிமுனைகளை இணைத்து நேர்கோடுகள் வரையப்பட்டு, உள்ளே இருப்பதெல்லாம் உள்நாட்டு நீர் என்றானது. 1988இல் கனடியப் பிரதமர் மல்ரோனியும் அமெரிக்க அதிபர் ரீகனும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். அமெரிக்காவின் பனி உடைக்கும் கப்பல்கள் கனடாவின் சம்மதத்தோடு போகும். ஆனால் அதனால் எந்த நாட்டின் சட்ட நிலைப்பாடும் மாறாது. சண்டையைத் தீர்க்காமலே நட்பைக் காப்பாற்றிய ஏற்பாடு. இன்றைக்கும் நிலைமை அதுதான். 2019இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ கனடாவின் உரிமைகோரலைச் சட்டத்துக்குப் புறம்பானது என்று பின்லாந்தில் வெளிப்படையாகவே சொன்னார்.

இடையில் பனி குறைந்துகொண்டே வருகிறது. 2013இல் நோர்டிக் ஓரியன் என்ற சரக்குக் கப்பல் வான்கூவரிலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு பின்லாந்துக்கு இவ்வழியே போனது, கனடாவின் அனுமதியோடு. 2016இல் ஆயிரம் பயணிகளோடு ஓர் உல்லாசக் கப்பல் கடந்தது. 2010 முதல் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் கனடாவிடம் பதிவு செய்தாக வேண்டும். அப்படிப் பதிவு செய்யும் ஒவ்வொரு கப்பலும், பேச் தீபகற்பத்தின் தபால் முத்திரை செய்த வேலையைத்தான் செய்கிறது.

சிவப்புச் சட்டைக்காரர்கள்

பெரிய கப்பல்களும் துறைமுகங்களும் வாங்குவதாக அறிவிப்பது கனடிய அரசியலில் வழக்கம். போலார் சீ விவகாரத்துக்குப் பின் அறிவித்த மாபெரும் பனி உடைப்புக் கப்பல் 1990இல் கைவிடப்பட்டது. பிரதமராக இருந்த ஸ்டீபன் ஹார்ப்பர் 2007இல் அறிவித்த நானிசிவிக் கடற்படைத் துறைமுகம் சுருங்கிச் சுருங்கித் தள்ளிப்போனது. அங்கே ஆண்டு முழுவதும் உண்மையில் நடமாடும் படை வேறு. 1947இல் தொடங்கிய கனடியன் ரேஞ்சர்ஸ். வடக்கே இதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் மக்கள்; பகுதிநேரப் படையினர். சீருடை சிவப்பு நிற ஸ்வெட்ஷர்ட். வண்டி அவரவர் சொந்த ஸ்னோமொபைல். பல பத்தாண்டுகள் கையில் இருந்தது உலகப்போர் காலத்து லீ என்ஃபீல்டு துப்பாக்கி. கடுங்குளிரில் உறைந்து மக்கர் பண்ணாது என்பதால் 2018 வாக்கில்தான் மாற்றினார்கள்.

தெற்கிலிருந்து வரும் இளம் சிப்பாய்க்கு பனி வீடு கட்டவும் பாதை பார்க்கவும் கற்றுக்கொடுப்பது இவர்கள். கடற்பனியில் நடக்கும்போது ஈட்டிக்கோலால் முன்னே குத்திப் பார்ப்பார்கள். ஒரே குத்தில் உள்ளே இறங்கினால் அந்தப் பனி ஆளைத் தாங்காது. விலகிப் போக வேண்டும். சத்தத்திலும் நிறத்திலும்கூட வித்தியாசம் தெரியும் அவர்களுக்கு.

இனுயிட் வாழ்க்கையில் உறைந்த கடல் நிலத்தின் தொடர்ச்சி. அதன்மேல் பயணம் செய்கிறார்கள், கூடாரம் போடுகிறார்கள், பனி முடிந்து நீர் தொடங்கும் விளிம்பில் சீலுக்கும் நார்வால் திமிங்கிலத்துக்கும் காத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் குடியிருந்து பயன்படுத்திய பரப்பை வெறும் கப்பல் பாதை என்று எப்படிச் சொல்வீர்கள் என்பதுதான் கனடாவின் கையில் உள்ள மிக வலுவான வாதம் என்று நினைக்கிறேன். கனடா அரசும் இதை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1993 நுனாவுட் நில உடன்படிக்கையின் 15ஆவது பிரிவில், தீவுக்கூட்டத்து நீர்மீது கனடாவுக்குள்ள இறையாண்மைக்கு இனுயிட் மக்களின் பயன்பாடும் வாழ்வும் துணைநிற்கின்றன என்று இருக்கிறது. அந்த உடன்படிக்கையிலிருந்துதான் 1999 ஏப்ரல் 1 அன்று நுனாவுட் பிறந்தது.

அப்படியானால் அந்த மக்களுக்கு அரசு என்ன செய்கிறது என்ற கேள்வியும் இறையாண்மைக் கேள்விதான். 2021 அக்டோபரில் தலைநகர் இக்காலுயிட்டின் குடிநீரில் எரிபொருள் கலந்திருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. 25 ஊர்களிலும் மின்சாரம் டீசலை நம்பித்தான். வீடுகளில் நெரிசல், கடையில் காய்கறி விலை தெற்கைவிடப் பல மடங்கு. போர்க்கப்பலுக்குப் பணம் ஒதுக்கும்போது இவற்றையும் அதே கணக்கில் சேருங்கள் என்று இனுயிட் தலைவர்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள். அது நியாயமான கோரிக்கை.

இன்னும் இரண்டு விஷயங்கள், சுருக்கமாக

ஹான்ஸ் தீவு: எல்ஸ்மியருக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே 1.3 சதுர கிலோமீட்டர் பாறை. கனடாவும் டென்மார்க்கும் மாறி மாறிக் கொடி நட்டு மதுப்புட்டி வைத்துவிட்டு வந்த கதையைப் பத்திரிகைகள் ஆசையாக எழுதின. 2022 ஜூன் 14 அன்று இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள்.

வட துருவம்: அது யாருக்கும் சொந்தமில்லை. அண்டார்க்டிகா நிலம், அங்கே உரிமைகோரல்களை 1959 ஒப்பந்தம் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது. ஆர்க்டிக்கின் நடுப்பகுதி கடல். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை பிராந்தியக் கடல், 200 வரை மீனும் எண்ணெயும் கரைநாட்டுக்கு. அதற்கு அப்பால், கடலடித் தரை தங்கள் கண்டத்திட்டின் நீட்சிதான் என்று அறிவியல் சான்று காட்டினால் அந்தத் தரையில் உள்ள வளத்துக்கு மட்டும் உரிமை. ரஷ்யா, டென்மார்க், கனடா மூன்றும் ஐ.நா. ஆணையத்திடம் அதற்கான ஆவணங்களைக் கொடுத்திருக்கின்றன, கோரும் பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. 2007இல் ரஷ்யர்கள் 4,000 மீட்டருக்கும் கீழே நட்ட டைட்டானியம் கொடிக்குச் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை.

இனி கவனிக்க வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. நுனாவுட்டின் நிலமும் கனிமமும் இதுவரை ஒட்டாவாவின் நிர்வாகத்தில் இருந்தன. அவற்றை நுனாவுட் அரசிடமே ஒப்படைக்கும் உடன்பாடு 2024 ஜனவரியில் இக்காலுயிட்டில் கையெழுத்தானது. 2027 ஏப்ரல் 1க்குள் மாற்றம் முடிய வேண்டும் என்பது அதில் உள்ள ஏற்பாடு. சுரங்கத்துக்கு அனுமதி, வரும் வருமானம், யாருக்கு வேலை என்பதையெல்லாம் அப்புறம் அங்கே வாழ்பவர்கள் தேர்ந்தெடுத்த அரசு தீர்மானிக்கும். தீவுகளுக்கு இடையிலான கடலடி வளம் மட்டும் அந்த உடன்பாட்டில் இல்லை. அதற்குத் தனியாகப் பேச வேண்டும்.